நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

காலையில் தேநீர் ஆறுவதற்குள் நாற்பது தையல் போட்டு முடிப்பது என் வழக்கம். பணி ஓய்வு பெற்ற மறுநாள் தொடங்கியது இது. ஒன்பது ஆண்டுகளில், காய்ச்சலில் கிடந்த மூன்று நாட்களைத் தவிர, ஒரு நாளும் தவறியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் அமர்ந்து பழகிய ஆசிரியனுக்கு, மணி நின்றபின் கைகளை என்ன செய்வதென்று விளங்கவில்லை. ஊசியைக் கொடுத்தேன், அடங்கிவிட்டன.

கைத்தையல் மன்றத்தின் செயலாளர் அம்மையார், நடந்ததை நடந்தபடி எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார். கூடவே மூன்று கேள்விகளும் அனுப்பியிருக்கிறார். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கேள்விக்குரிய விடையை முழு வாக்கியத்தில், அடித்தல் திருத்தல் இன்றி எழுத வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். சொன்னதைச் செய்கிறேன்.

என் பொழுதுபோக்கு, பஞ்சு வைத்த மேலங்கிகள் தைப்பது. மேலே ஒட்டுத்துணி, உள்ளே மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு லைனிங். மூன்றையும் சேர்த்து, அங்குலத்துக்குப் பதினொரு தையல் வீதம் ஓட்டுவது. எங்கள் தெருமுனை டயர்க் கடைக்காரருக்கு இது பெரும் வேடிக்கை. "சார், எல்லாரும் மெத்தையை உதறிட்டு எழுந்து வருவாங்க. நீங்க மாட்டிக்கிட்டே வந்துடுறீங்களே" என்பார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பிறர் அறியாமையைக் கண்டு கோபப்படுவது ஆசிரியருக்கு அழகல்ல.

எங்கள் மன்றத்தில் இரண்டு விதிகள் முக்கியமானவை. நான்காம் விதி: எந்தத் துணியையும் தைப்பதற்குமுன் துவைத்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும், சாயம் இறங்கும். ஏழாம் விதி: ஒவ்வொரு மேலங்கியோடும், அதிலுள்ள துணி எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் தைத்ததை நாங்களே உடுத்தி மேடையில் நடப்போம். தலைவர் அந்த அட்டையை உரக்கப் படிப்பார். இவ்விரண்டு விதிகளையும் நான் ஒருபோதும் மீறியதில்லை. இந்த அறிக்கையைப் படிக்கும் குழு இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையின் கணவர். வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். உயிரோடு இருந்தவரை அவரோடு எனக்குப் பேச விஷயம் ஏதும் இருந்ததில்லை. அவருடைய கோட்டோடு நிறைய இருந்தது. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் தடித்த நீலப் பருத்திக் கோட்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் அதையே அணிந்தார். பூசிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சொட்டு, ஒரு தீற்றல், ஒரு விரல் துடைத்த தடம் அதன்மேல் தங்கியிருந்தது. மஞ்சள்மேல் சாம்பல், சாம்பல்மேல் கிளிப்பச்சை. எந்தச் சாயப்பட்டறையாலும் செய்ய முடியாத துணி. அவர் சாப்பிட அமரும்போது நான் எதிரில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "மச்சான் என்மேல எவ்வளவு பாசமாப் பாக்குறாரு பாரு" என்று அவர் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவர் எளிமையான மனிதர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வேலை முடிந்து வந்து நாற்காலியில் அமர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கோட்டு எங்கே என்று யோசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தங்கை அதைத் துவைக்கவில்லை. காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். டர்பன்டைனும் வியர்வையும் புகையிலையும் கலந்த ஒரு வாடை அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பையின் வாயை ஒரு விரல் அகலம் திறப்பாள், ஒரே ஒரு மூச்சு இழுப்பாள், மூடிவிடுவாள்.

"ரெண்டு மூச்சு இழுத்தா சீக்கிரம் தீந்துடும்ணே" என்று என்னிடம் சொன்னாள்.

ஓர் ஆசிரியனாக நான் இதைக் கவனித்தேன்: அவள் அந்தத் துணியைப் பார்ப்பதே இல்லை. இருபத்திரண்டு ஆண்டு வண்ணம் கையில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் வைப்பவளை என்ன சொல்வது?

கேட்டேன். முதல்முறை, காலரின் ஓரம் மட்டும் போதும் என்றேன். சிரித்தாள். "நீ என்னைப் பாக்க வர்றியா, கோட்டைப் பாக்க வர்றியா?" என்றாள். இரண்டாம் முறை, இப்படியே வைத்தால் பூச்சி அரித்துவிடும் என்று அறிவியல்பூர்வமாக விளக்கினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. மூன்றாம் முறை ஒரு கதை சொன்னேன். நான் கதை சொல்லித் திருந்தாத வகுப்பே கிடையாது.

ஒரு கரடி தேனடை ஒன்றைக் குகைக்குள் வைத்துப் பூட்டி, தினமும் மோந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தது. வழியே வந்த நரி, "அண்ணாச்சி, தேன் நாக்குக்கு உரியது, மூக்குக்கு அல்ல. என்னிடம் கொடுத்தால் காடு முழுவதும் அதன் இனிமையை அறியச் செய்வேன்" என்றது. கரடி மறுத்தது. மழைக்காலம் வந்தது, தேனடை பூஞ்சை பிடித்தது, கரடிக்கும் இல்லை, காட்டுக்கும் இல்லை.

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணே, சின்ன வயசுலேருந்து உன் கதையைக் கேட்டுட்டு வர்றேன். உன் கதையில எப்பவுமே கேக்குற மிருகம் புத்திசாலி, குடுக்காத மிருகம் முட்டாள். ஒரு தடவையாவது அந்த நரி வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சிருக்கா?"

பிறகு, சிரிக்காமல் சொன்னாள்: "இன்னொரு வாட்டி கேட்டே, அண்ணன்னுகூடப் பாக்க மாட்டேன்."

அவள் சொல்லை நான் மதித்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். நான்காம் நாள், தண்ணீர் ஊற்றி முடித்தபின், அலமாரியைத் திறந்தேன். எட்டு நாளில் ஒரு செடிகூட வாடவில்லை. இதையும் குழு குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கோட்டின் பைகளைச் சோதித்தேன். இரண்டு அங்குலப் பென்சில் ஒன்று இருந்தது. பாதி சப்பிவிட்டுத் தாளில் சுற்றிவைத்த ஒரு மிட்டாய் இருந்தது. மிட்டாயை எறிந்தேன். பென்சில் நல்ல பென்சில். வெட்டுக்கோடு போட அதையே பயன்படுத்திக்கொண்டேன்.

நான்காம் விதிப்படி துவைத்தேன். வெதுவெதுப்பான நீர், சோப்பு, ஒரு கை உப்பு. முதல் வாளித் தண்ணீர் கடும் தேநீர் நிறத்தில் வந்தது. இரண்டாம் வாளி இளம் தேநீர். மூன்றாவது வாளி தெளிந்த நீர். வண்ணச் சொட்டுகள் ஒன்றுகூட உதிரவில்லை. மாப்பிள்ளை தரமான வண்ணங்களைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். இதை அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிப் பாராட்டியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் வந்தன. அவற்றை அவர் விட்ட இடத்திலேயே விட்டுவைப்பதில் பொருள் இல்லை. அங்கே ஒழுங்கு கிடையாது. முதல் வீட்டுச் சொட்டுக்குப் பக்கத்தில் கடைசி வீட்டுத் தீற்றல் இருந்தது. வெண்மையில் தொடங்கி மஞ்சள், செம்மை, பச்சை, சாம்பல் என்று வரிசைப்படுத்தினேன். மாணவர்களை உயரப்படி நிற்க வைப்பதுபோல.

தங்கை திரும்பிவந்த ஞாயிறன்று நானும் அங்கே இருந்தேன். அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அது மூடும் ஓசை கேட்கவில்லை.

இந்த இடத்தில் விசிலக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். தங்கை வீட்டில் பதினான்கு ஆண்டுகளாகத் துவைக்கவும் கூட்டவும் வருபவள். வேலை செய்யும்போது எந்நேரமும் விசிலடித்துக்கொண்டிருப்பாள். அதனால் அந்தப் பெயர். தங்கை மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் காலையில் வந்து கூட்டிவிட்டுப் போனாள். அதாவது, வீட்டுக்குள் வந்துபோனவர்கள் இருவர்.

தங்கை என்னைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கத் தொடங்குவதற்குமுன் நான் ஒரு வாக்கியத்தை நினைவூட்டினேன். பொய் சொல்லவில்லை, நான் பொய் சொல்வதில்லை. ஓராண்டுக்கு முன் விசிலக்கா அலமாரியைத் துடைக்கும்போது, அந்தப் பையைப் பார்த்து, "எதுக்கும்மா இதைப் பூட்டி வச்சிருக்கீங்க? தரை துடைக்கக்கூட ஆகாது" என்று வேடிக்கையாகச் சொன்னாள். நானும் இருந்தேன், தங்கையும் இருந்தாள், மூவரும் சிரித்தோம். அந்த வாக்கியத்தைத்தான், சொல் மாறாமல், திரும்பச் சொன்னேன். சிரிப்பை மட்டும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை விசிலக்கா விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"கோட்டை என்ன பண்ணின?" என்றாள் தங்கை.

"எந்தக் கோட்டும்மா?"

"எந்தக் கோட்டா? தரை துடைக்கத்தான் எடுத்தியா, இல்ல குப்பையில போட்டியா? சொல்லு, குப்பைன்னா குப்பைன்னு சொல்லு, நான் போய்த் தேடுறேன்."

"அம்மா, சத்தியமாச் சொல்றேன், நான் அந்தப் பையைத் தொட்டதே இல்லை. ஐயாவோட கோட்டும்மா அது. எனக்குத் தெரியாதா?"

"திருடி!" என்று தங்கை கத்தினாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதிர்வீட்டில் இரண்டு சன்னல்கள் திறந்தன.

நான்தான் குறுக்கிட்டேன். "விடும்மா. பதினாலு வருஷம் வேலை செஞ்சவ. தெரியாமச் செஞ்சிருப்பா. காவல் நிலையம் அது இதுன்னு போக வேண்டாம்" என்றேன். விசிலக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாவது எனக்காகப் பேசினீங்களே, சார். நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருக்கோடி வரை அவள் விசிலடிக்காமல் நடந்ததைக் கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

நான்கு மாதங்களில் மேலங்கி முடிந்தது. அதைப்பற்றி நானே பேசக்கூடாது; நடுவர்களின் மதிப்பெண்கள் மன்றத்தில் உள்ளன.

விழாவுக்குத் தங்கையை நான் அழைக்கவில்லை. உறுப்பினர்களின் குடும்பத்தாருக்கு மன்றமே அஞ்சலில் அழைப்பு அனுப்பிவிடுகிறது. இந்த வழக்கத்தை இனிமேல் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் பணிவான யோசனை. அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மூன்றாம் வரிசையில், அண்ணனுக்குக் கைதட்டுவதற்காக உட்கார்ந்திருந்தாள்.

நான் மேடையில் நடந்தேன். தலைவர் அட்டையைப் படித்தார்: "இதிலுள்ள துணி, மறைந்த ஓர் உழைப்பாளியின் நினைவாக, அவருடைய குடும்பத்தார் மனமுவந்து அளித்தது." இது பொய் என்று குழுவில் சிலர் சொல்வதாக அறிகிறேன். இதில் பொய் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தார் என்பதில் நானும் அடங்குவேன். நான் மனமுவந்துதான் அளித்தேன்.

தங்கை எழுந்தாள். மேடையின் நான்கு படிகளில் ஏற அவளுக்கு நேரமாயிற்று, ஒருவர் கைகொடுத்தார். என் எதிரில் வந்து நின்று, மேலங்கியின் மார்பைப் பார்த்தாள்.

"இது நாங்க முதமுதலாக் குடியிருந்த ரூமோட மஞ்சள்" என்றாள். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. அவள் அந்தத் துணியைப் பார்ப்பதே இல்லை என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்; அடித்தல் கூடாது என்பதால் மேலே அப்படியே விட்டுவைக்கிறேன்.

"அண்ணே, திரும்பு."

திரும்பினேன். பின்பக்கம்தான் என் நல்ல வேலைப்பாடு இருந்தது. அவள் என் இரு தோள்களுக்கு இடையில் முகத்தைப் பதித்து மூச்சு இழுத்தாள். அரங்கம் நெகிழ்ந்து கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் இன்னொரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று. அவள் இப்போது சிக்கனம் பார்க்கவில்லை.

"சோப்பு" என்றாள்.

பிறகு, "கழட்டு" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். எல்லார் முன்னிலையிலும் தகராறு செய்வது எனக்குப் பழக்கமில்லை. அவள் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அரைமணி கழித்து எனக்கு முதற்பரிசு என்று அறிவித்தார்கள். வெறுங்கையோடு நின்று வாங்கிக்கொண்டேன்.

இனி மூன்று கேள்விகள்.

முதற்கேள்வி: கோட்டை எடுத்தவர் யார்? கோட்டை எடுத்தவன் நான்.

இரண்டாம் கேள்வி: அந்தப் பெண்மணியைத் திருடி என்று சொல்லி அனுப்பியபோது, அவள் திருடவில்லை என்பது எனக்குத் தெரியுமா? அவள் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்நேரம் கோட்டின் பெரும்பகுதி என் தையல் மேசையில், நிறவாரியாக, பதினாறு கிண்ணங்களில் இருந்தது.

மூன்றாம் கேள்வி: தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? இதற்கு அச்சம், வெட்கம் போன்ற விடைகளைக் குழு எதிர்பார்க்கக்கூடும். அவை சரியான விடைகள் அல்ல. அன்று முப்பத்தொரு துண்டுகளே தைத்து முடிந்திருந்தன. எண்பத்தொன்று மீதம் இருந்தன. சொல்லியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள்.

இவ்வளவுதான். என் தரப்பிலிருந்து மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் விழாவுக்கு மறுநாள் நடந்த ஒன்றைக் குழு கேட்கவில்லை. நானே தெரிவிப்பது கடமை.

மேலங்கியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் நடந்தாள். இருபது அடி பின்னால் நானும் நடந்தேன். நான்கு தெரு தள்ளி, ஓர் இஸ்திரிக் கடை. விசிலக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள். கடையில் ஆறு பேர் துணிக்காகக் காத்திருந்தார்கள்.

தங்கை வாசலில் நின்று, அன்று கத்திய அதே குரலில் தொடங்கினாள்:

"நான் உன்னைத் திருடின்னு சொன்னது தெருவுக்கே கேட்டுச்சு. இதையும் எல்லாரும் கேக்கட்டும். நீ எடுக்கலை. எடுத்தது என் அண்ணன். பதினாலு வருஷம் உன்னைப் பாத்தும் உன்னை நம்பலை, அவனை நம்பினேன். தப்பு என்னோடது."

விசிலக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நாலு மாசம் ஆச்சும்மா."

"ஆமா."

"மூணு வீட்டுல கதவைச் சாத்தினாங்க. கடைசியில இங்க வந்து நிக்கிறேன், நாள் பூரா சூட்டுல."

"எந்த மூணு வீடுன்னு சொல்லு. நான் போய், வாசல்ல நின்னு, இதேமாதிரி சொல்லிட்டு வர்றேன்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டுத்தான்."

விசிலக்கா இஸ்திரி மேசையைச் சுற்றி வந்தாள். பிறகு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "முதல்ல உக்காருங்க. உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிடாதீங்க. கால் வீங்கியிருக்கு, அதனால சொல்றேன்."

தங்கை உட்கார்ந்தாள். பையிலிருந்து மேலங்கியை எடுத்து இஸ்திரி மேசையில் விரித்தாள். விசிலக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, ஐயாவை என்னம்மா பண்ணி வச்சிருக்காரு" என்றாள்.

"வாசனை போயிடுச்சு. அது இனி வராது. சொட்டெல்லாம் இருக்கு. எது எங்க இருந்துச்சுன்னு எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. இதைப் பிரிச்சு மறுபடி கோட்டாத் தைக்கணும்."

விசிலக்கா ஒரு விரலை வைத்தாள். "இந்தப் பச்சை வலது முழங்கைக்குக் கீழம்மா. ஐயா சாப்பிட உக்காந்தா நேரா என் கண்ணுக்குத் தெரியும்."

"நான் மடிப்பக்கம்னு நெனச்சேன்."

"இல்லம்மா. மடிப்பக்கம் வெள்ளை. அந்த ஆஸ்பத்திரி வேலை பாத்தப்போ விழுந்தது."

ஒரு சிறு கத்தரியை எடுத்தார்கள். தங்கை தையல் நூலை ஊசியால் தூக்க, விசிலக்கா கத்தரித்தாள். காத்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் துணியைக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாசலிலேயே நின்றேன். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அங்குலத்துக்குப் பதினொரு தையல் வீதம், நான்கு மாத உழைப்பு, ஒவ்வொரு தையலாகத் தரையில் விழுந்தது.

திருட்டு நடந்தது உண்மையா என்று செயலாளர் அம்மையார் கடிதத்தின் முதல் வரியிலேயே கேட்டிருக்கிறார். உண்மைதான். பட்டப்பகலில், ஆறு சாட்சிகளின் முன்னிலையில், நானே கண்ணால் பார்த்தேன். அந்த இரு பெண்களின் பெயர்களையும் முகவரிகளையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன்.